பேரு மைன்ஸ்வீப்பர், செஞ்சது எல்லா வேலையும்

மெல்போர்ன் பக்கத்துல வில்லியம்ஸ்டவுன்ல, ஜெம் பியர்னு ஒரு சின்ன துறை. அங்க ஹெச்.எம்.ஏ.எஸ். கேஸில்மெய்ன்னு ஒரு பழைய போர்க்கப்பல் நிக்குது, மியூசியமா வச்சிருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை மகள கூட்டிட்டு போயிருந்தேன். நான் தூத்துக்குடிக்காரன், கப்பல் என்ஜின் ரூம்லயே பாதி வாழ்க்கைய கழிச்சவன், அதனால இந்தக் கப்பல் பத்தி எழுதாம இருக்க முடியல, நீளமா போனா பொறுத்துக்கோங்க.

இது பாதர்ஸ்ட் கிளாஸ், அதாவது பாதர்ஸ்ட்ங்கிற முதல் கப்பலோட டிசைன்லயே கட்டின கப்பல் வரிசை. இரண்டாம் உலகப்போர்ல ஆஸ்திரேலியாவுல கட்டின மைன்ஸ்வீப்பர், அதாவது கடல்ல போட்டு வச்சிருக்குற கண்ணிவெடிய வாரி எடுக்குற கப்பல். மொத்தம் 60 கட்டினாங்க. 36 ஆஸ்திரேலிய நேவிக்கு, 20 பிரிட்டிஷ் அட்மிரால்டி (அவங்க நேவி தலைமையகம்) ஆர்டர் (ஆனா ஓட்டினது ஆஸ்திரேலியாக்காரங்கதான்), மீதி 4 நம்ம ராயல் இந்தியன் நேவிக்கு. அந்த நாலோட பேரு பெங்கால், பாம்பே, மெட்ராஸ், பஞ்சாப். ஆமா, மெட்ராஸ்னு ஒரு போர்க்கப்பல் சிட்னி காக்கட்டூ தீவுல கட்டி வந்துச்சு, மெட்ராஸ்லயே எத்தன பேருக்கு இது தெரியும்?

சரி, டிசைனுக்கு வர்றேன், ஏன்னா நான் சொல்ல வந்ததே அதுலதான் இருக்கு. நீளம் 186 அடி, அகலம் 31 அடி, தண்ணிக்குள்ள எட்டரை அடிதான் முங்கும். வேகம் மணிக்கு 15 நாட்டிக்கல் மைல் சொச்சம். போர்க்கப்பல்னு சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்க, அந்தக் காலத்து டெஸ்ட்ராயர் இதவிட ரெண்டு மடங்கு வேகத்துல போகும். என்ஜின் என்னன்னு பார்த்தா டிரிபிள் எக்ஸ்பேன்ஷன் ஸ்டீம் என்ஜின், அது 19ஆம் நூற்றாண்டு சமாச்சாரம், அப்ப டர்பைன், அதாவது பிஸ்டனுக்கு பதிலா ஸ்டீம்ல சுழல்ற சக்கரம் வச்ச என்ஜின், வந்து வருஷக்கணக்கா ஆச்சு. ஏன் பழசப் போட்டாங்கன்னு கேட்டா, டர்பைனோட கியர் வெட்டுறதுக்கு வேண்டிய மெஷினும் ஆளும் அந்த நாட்டுல போதுமான அளவுக்கு இல்ல, ஆனா பிஸ்டன் என்ஜின் வார்த்து கடைஞ்சு எடுக்க ஒர்க்‌ஷாப் நிறைய இருந்துச்சு. ரயில் என்ஜினும் கரும்பு மில் மெஷினும் செஞ்சுக்கிட்டிருந்த மேரிபரோ வாக்கர்ஸ் கம்பெனி கூட கப்பல் கட்டுச்சு. வயல்லான்னு ஒரு ஊர்ல அப்பதான் புதுசா கப்பல் கட்டுற யார்டே போட்டாங்க, அந்த யார்டோட முதல் கப்பலே இந்த கிளாஸ்ல ஒண்ணுதான். நாலு மாநிலத்துல எட்டு யார்டு. முதல் கப்பல் பாதர்ஸ்ட், 1940 பிப்ரவரில கீல் (கப்பலோட அடிமரம்) போட்டு அதே வருஷம் டிசம்பர்ல சர்வீஸுக்கு வந்துடுச்சு.

என்னைப் பொறுத்தவரைக்கும் நல்ல டிசைன்னா இதுதான். பேப்பர்ல உலகத்துலயே சிறந்த கப்பல வரைஞ்சுட்டு அத கட்ட அஞ்சு வருஷம் தவிக்கிறத விட, நம்ம கையில என்ன மெஷின் இருக்கு, எந்த ஃபவுண்டரில என்ன வார்க்க முடியும்னு பார்த்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி வரைஞ்ச பெர்சிவல் மெக்னீல் குழு மேல எனக்கு பெரிய மரியாதை. என்ஜின் ரூமுக்கு இறங்கிப் பார்த்தேன், மூணு சிலிண்டர், சின்னது நடுவுலது பெருசுன்னு வரிசையா நிக்குது, ஒரே ஸ்டீம் மூணுலயும் அடுத்தடுத்து வேலை செஞ்சுட்டு போகும், கிராங்க்கும் கனெக்டிங் ராடும் திறந்தே இருக்கு, கைய நீட்டி சூடு பார்த்துக்கலாம், ஆயில் கேன் புடிச்சு ஊத்தலாம். நேத்து வரைக்கும் கடையில நின்ன பையன கூட கொஞ்ச நாள்ல பழக்கி விடலாம், அப்படித்தான் பழக்கினாங்க.

இந்த கப்பல் கண்ணிய எப்படி வாரும்னு கேட்டா நம்ம இழுவைமடி பார்த்த யாருக்கும் சட்டுனு புரியும். பின்னாடி தளத்துல ஒரு பெரிய வின்ச், அதுல நீளமான ஸ்டீல் வயர். வயர் முனையில ஒரு ஆட்டர் போர்டு, நம்ம விசைப்படகுல மடிய விரிக்க போடுறாங்களே அதே தத்துவம், தண்ணி தள்ள தள்ள வயர பக்கவாட்டுல விரிச்சுட்டு போகும். மேல ஒரு மிதவை, கப்பலுக்கு பக்கத்துல வயர ஆழத்துல அழுத்தி வைக்க இன்னொரு போர்டு. தரையில நங்கூரம் போட்டு கம்பியில மிதக்குற கண்ணியோட அந்தக் கம்பி நம்ம வயர்ல சிக்கி, வயர் முழுக்க உரசிட்டே போயி வயர்ல இருக்குற கட்டர்ங்கிற வெட்டுக் கருவியில மாட்டி அறுந்து, கண்ணி பந்து மாதிரி மேல வரும். அதுக்கப்புறம் தளத்துல நின்னு துப்பாக்கியால சுட்டு வெடிக்க வைக்கணும், இல்லன்னா ஓட்டை போட்டு மூழ்கடிக்கணும். நாலஞ்சு கப்பல் படிக்கட்டு மாதிரி சாய்வா அணிவகுத்து போகும், பின்னாடி வர்ற ஒவ்வொண்ணும் முன்னாடி போனது சுத்தம் பண்ணின தண்ணியில வரும். முதல்ல போறவனுக்கு மட்டும் அந்த பாதுகாப்பு கிடையாது. எட்டரை அடி ஆழம்தான் அவனுக்கு காவல், கண்ணி அதுக்கு மேல மிதந்தா அவ்வளவுதான். காந்தக் கண்ணிக்கு வேற வழி, கரண்ட் பாய்ச்சின கேபிள பின்னாடி இழுத்துட்டு போவாங்க.

ஆனா போர் நடந்தப்ப இந்த வேலைய மட்டும் செய்ய யாரும் விடல. கான்வாய்க்கு (கூட்டமா போற சரக்குக் கப்பல்களுக்கு) காவல், சப்மரின் வேட்டை, ஆள் ஏத்தி இறக்குறது, சர்வே, எல்லாத்துக்கும் இவன்தான். கப்பல்ல இருந்தவங்க மைன்ஸ்வீப்பர்னே சொல்ல மாட்டாங்களாம், கார்வெட்னுதான், அதாவது சின்ன காவல் போர்க்கப்பல்னுதான் சொல்லுவாங்க. 1942 ஜனவரி 20 அன்னைக்கு டார்வின் பக்கத்துல டெலோரெய்ன்ங்கிற கப்பல், சர்வீஸுக்கு வந்து ரெண்டே மாசம், தன் மேல விட்ட டார்பிடோவ தப்பிச்சு திரும்பி போய் ஐ-124ங்கிற ஜப்பான் சப்மரின மூழ்கடிச்சுது. அந்த சப்மரின் கண்ணி போடுற வகை. கண்ணி வாருற கப்பல் கண்ணி போடுறவனையே புடிச்சுது, இத படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

பெங்கால் கதை இந்தியாவுல ஓரளவு தெரியும். 1942 நவம்பர் 11, கோகோஸ் தீவுக்கு தென்மேற்கே, ஒண்டினாங்கிற டச்சு டேங்கருக்கு துணையா போகுது. எதிர்ல ஹொக்கோக்கு மாரு, ஐக்கோக்கு மாருன்னு ரெண்டு ஜப்பான் ரெய்டர் (சரக்குக் கப்பல வேட்டையாடுற ஆயுதக் கப்பல்), ஒவ்வொண்ணும் 10,000 டன்னுக்கு மேல, பெரிய பீரங்கியோட. பெங்கால்ல இருந்தது ஒரே ஒரு 3 அங்குல பீரங்கி. ஓடாம நேரா அவங்களப் பார்த்து போச்சு. ஹொக்கோக்கு மாரு வெடிச்சு மூழ்கிடுச்சு. இதுல நான் நம்ம ஆளுங்க கிட்ட சொல்ல விரும்புறது ஒண்ணு இருக்கு: அந்த வெற்றிய பெங்காலுக்கு மட்டும் எழுதி வைக்காதீங்க. ஒண்டினாவுலயும் ஒரு பீரங்கி இருந்துச்சு, அவங்களும் சுட்டாங்க, அந்த அடி யாரோடதுன்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கிறாங்க. ஒண்டினா கேப்டன் அங்கயே செத்துப் போனார், படகுல இறங்கினவங்க மேல மெஷின் கன் அடிச்சாங்க, மிச்சம் இருந்தவங்க திரும்ப கப்பல்ல ஏறி தீய அணைச்சு ஃப்ரீமேன்டில் வரைக்கும் ஓட்டிட்டு வந்தாங்க. அவங்கள விட்டுட்டு பெருமை பேசுறது நியாயம் இல்ல. பெங்காலோட துணிச்சல் அதனால ஒரு துளி கூட குறையாது.

இப்ப நான் நின்னுட்டு இருந்த கேஸில்மெய்னுக்கு வர்றேன். 1942 நவம்பர் கடைசி, டிமோர்ல மாட்டிக்கிட்ட படைவீரர்களையும் அகதிகளையும் கூட்டிட்டு வர கேஸில்மெய்ன், ஆர்மிடேல்னு ரெண்டு தங்கச்சிக் கப்பல், கூட குரூன்னு ஒரு சின்ன படகு. ரெண்டும் பெட்டானோ கரைக்கு லேட்டா போய்ச் சேருது, குரூ ஏற்கெனவே கிளம்பிடுச்சு. டிசம்பர் 1 காலையில நடுக்கடல்ல சந்திச்சு, குரூவுல இருந்த போர்ச்சுகீசிய பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் கேஸில்மெய்ன் ஏத்திட்டு டார்வின் திரும்புது. கரையில இறக்க வேண்டிய டச்சுப் படை ஆளுங்க ஆர்மிடேல்ல இருந்ததால ஆர்மிடேல திரும்ப அங்கயே போகச் சொல்றாங்க. பட்டப்பகல், ஜப்பான் விமானம் வந்து போற தூரம், மேல காவலுக்கு நம்ம விமானம் இல்ல. கரையில உக்காந்து போட்ட அந்த உத்தரவு தப்பு, இத்தன வருஷம் கழிச்சு படிச்சாலும் எனக்கு கோவம் வருது. அன்னைக்கு மத்தியானமே ரெண்டு டார்பிடோ பட்டு ஆர்மிடேல் போயிடுச்சு. டெடி ஷீன், 18 வயசு, கப்பல விட்டு குதிக்கச் சொன்னப்புறம், தண்ணியில கிடந்தவங்கள விமானம் சுடுறத பார்த்துட்டு திரும்பப் போயி பீரங்கியோட தன்னைக் கட்டிக்கிட்டு சுட்டுட்டே முழுகினான். கப்பல்ல இருந்த 149 பேர்ல 49 பேர்தான் உயிரோட வந்தாங்க. மிச்சம் இருந்தவங்கள்ல ஒரு கூட்டம் கட்டுமரம் மாதிரி ஒண்ண கட்டி மிதந்துட்டு இருந்தாங்க, விமானத்துல போனவங்க அவங்கள பார்த்து போட்டோ கூட எடுத்தாங்க, அலை ஜாஸ்தி, தண்ணியில இறங்க முடியல. அப்புறம் அவங்கள யாருமே பார்க்கல. ஷீனுக்கு விக்டோரியா கிராஸ், போர் வீரத்துக்கான உச்ச விருது, கிடைச்சது 2020ல. 78 வருஷம். ஆஸ்திரேலிய நேவிக்கே அதுதான் முதல் விக்டோரியா கிராஸ்.

கேஸில்மெய்ன் மெஸ் டெக்ல (மாலுமிங்க சாப்பிட்டு படுக்குற தளம்) நின்னப்ப மகள் கேட்டா, "இத்தன பேரு எங்கப்பா படுப்பாங்க?" மேல சாப்பாட்டு மேஜைக்கு நேரா இருந்த கொக்கிய காட்டி, "அதுல தூளி கட்டித்தாம்மா"ன்னேன். கிட்டத்தட்ட 85 பேரு அந்த இடத்துல. அந்தக் குழந்தைங்கள எங்க வச்சிருந்தாங்கன்னு அடுத்து கேட்டா, என்னால பதில் சொல்ல முடியல.

போர் முடிஞ்சதும் பெரிய கப்பல்லாம் கொடியோட ஊர் திரும்புச்சு. டோக்கியோ விரிகுடா சரணடைவுல இந்த கிளாஸ் கப்பல் நாலு நின்னுச்சு, கேஸில்மெய்ன் ஹாங்காங்ல கண்ணி வாரிட்டு இருந்துச்சு. மத்தவங்களுக்கு முடிஞ்ச போர் இவங்களுக்கு முடியல. வார்னம்பூல்ங்கிற கப்பல் 1947 செப்டம்பர் 13 அன்னைக்கு, ஜப்பான் சரணடைஞ்சு ரெண்டு வருஷம் ஆனப்புறம், வடக்கு குயின்ஸ்லாந்து பவளப்பாறை பக்கம் கண்ணியில பட்டு மூழ்கிச்சு. நாலு பேர் செத்தாங்க. அந்தக் கண்ணிய போட்டது எதிரி இல்ல, ஜப்பான்காரன் வரக்கூடாதுன்னு போர்க்காலத்துல ஆஸ்திரேலியா நேவியே போட்ட கண்ணி.