தூங்குறான்னு நெனச்சு

போதை அதிகமாகி விழுந்து கிடக்கிற ஒரு பையனோட வீடியோ சுத்துதில்ல, நேத்து அதுக்குக் கீழ நான் போட்ட ஒரே ஒரு கமெண்ட்டுக்கு இன்னும் திட்டு வாங்கிக்கிட்டே இருக்கேன். அப்படி என்ன சொல்லிட்டேன்? விழுந்து கிடக்கிறவனை படம் எடுத்த நேரத்துல ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கலாம், யாராவது ஒருத்தர் கையில நலாக்ஸோன்ங்கிற மருந்து இருந்திருந்தா பிழைச்சிருக்கலாம்னு சொன்னேன். "பிழைச்சு என்ன கிழிக்கப் போறான்"னு ஒருத்தர், அதுக்கு வரிசையா ஹார்ட் வேற. "உங்களுக்கு அவன் என்ன வேணும்"னு இன்னொருத்தர்.

சரி, பொறுமையாவே சொல்றேன். நலாக்ஸோன் போதை மருந்து இல்லைங்க. ஹெராயின், ஃபென்டனில் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை போதை) அதிகமாப் போனா மூளை மூச்சு விடவே மறந்துடும், சாவு அப்படித்தான் வருது. அந்த ஓபியாய்டு மூளையில போய் ஒட்டிக்கிட்ட இடத்துலேர்ந்து அதைத் தள்ளிவிட்டு மூச்சைத் திரும்பக் கொண்டுவர்றதுதான் இந்த மருந்து (ஓபியாய்டுக்கு மட்டும்தான் கேக்கும், மத்ததுக்கு இல்ல, வேகமும் சீக்கிரம் இறங்கிடும், அதனால ஆஸ்பத்திரிக்கு கண்டிப்பா போகணும்). மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயாவே இருக்கு. டாக்டர் மட்டும் இல்ல, கூட இருக்கிறவங்க கையிலயும் இது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2014லயே சொல்லியாச்சு. சிகாகோவுல 1996லேர்ந்தே பழக்கம் உள்ளவங்க கையிலயே கொடுத்து சொல்லிக்கொடுத்தாங்க. அமெரிக்காவுல 2023லேர்ந்து டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஏன் கூட இருக்கிறவங்க கையிலன்னா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மூளை தாங்காது, அதான்.

"மருந்து இருக்குன்னு தெரிஞ்சா பயம் விட்டுப்போயி இன்னும் போடுவான்". இதைச் சொல்றவங்க நலாக்ஸோன் ஏறி முழிக்கிறவனைப் பார்த்ததே இல்ல. வாந்தி, நடுக்கம், உடம்பெல்லாம் வலி, போதை மொத்தமும் ஒரே அடியா இறங்கின அவஸ்தை. அதுக்கு ஆசைப்பட்டு ஒருத்தன் கூடப் போட்டுக்குவானாம். நல்ல கண்டுபிடிப்பு.

"விக்கிறவனைப் பிடிங்க"ங்கிறாங்க. பிடிங்களேன், நானா குறுக்க நிக்கிறேன்?

"நர்ஸ் பார்த்துக்க போதை ஊசி போடுறதுக்கு ரூம் திறப்பாங்களாம், எங்க தெருவுல வேண்டாம்". இந்தக் கவலை எனக்குப் புரியுது, நிஜமாவே புரியுது. ஆனா கனடாவுல வான்கூவர்ல 2003ல அப்படி ஒண்ணு திறந்தாங்க, ஆயிரக்கணக்கான ஓவர்டோஸை அங்கேயே சமாளிச்சிருக்காங்க. ரூம் இல்லைன்னா ஊசியை விட்டுடப் போறாங்களா என்ன, ஏதாவது ஒரு டாய்லெட்டுல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு தனியா போட்டுக்கப் போறாங்க. தனியா. கொல்றதே அதுதான், எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் யார் காதுலயும் ஏறமாட்டேங்குது.

அப்புறம் அந்த "முதல்ல திருந்தட்டும்". அதைத்தான் என்னால தாங்க முடியல.

வீடியோவுல இருக்கிற பையன் எனக்கு யாரும் இல்ல. என் சித்தி பையன் திருந்திட்டுத்தாங்க வந்தான். மூணு மாசம் போதை மறுவாழ்வு மையத்துல இருந்து, கன்னமெல்லாம் சதை போட்டு, சிரிச்சுக்கிட்டே வந்தான். இத்தனை நாள் விட்டுட்டா உடம்பு தாங்குற அளவு இறங்கிடும், பழைய அளவை ஒரே ஒரு தடவை போட்டாலும் உயிர் போயிடும், வெளிய வந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்துன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. சர்ட்டிஃபிகேட் கொடுத்தாங்க, மணிக்கணக்கா அட்வைஸ் கொடுத்தாங்க, இதைச் சொல்லல.

அஞ்சாவது நாள் ராத்திரி, அவன் ரூம் கதவு சாத்தியிருந்தது, உள்ளேர்ந்து குறட்டை. இழுத்து இழுத்து, தொண்டையில தண்ணி கொப்பளிக்கிற மாதிரி. அது குறட்டை இல்ல, மூச்சு அடைச்சுக்கிட்டு வர்ற சத்தம்னு இன்னிக்கு எனக்குத் தெரியும். அன்னிக்கு, பாவம் எத்தனை நாள் கழிச்சு நல்லாத் தூங்குறான்னு நெனச்சு டிவி சவுண்டைக் குறைச்சு வெச்சேன்.

அந்த "என்ன கிழிக்கப் போறான்" கமெண்ட்டுக்கு ஹார்ட் போட்டவங்கள்ல என் கண்ணுல பட்டவங்களை எல்லாம் தூக்கியாச்சு. மிச்சம் யாராவது இருந்தா நீங்களே போயிடுங்க.