வண்ணத்துப்பூச்சி கூடு கட்டுவதில்லை

கட்டுரையில் வண்ணத்துப்பூச்சியும் பட்டுப்புழு போல நூலால் கூடு கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பிழை. எங்கட வளவுத் தேசி மரத்தில் வரும் பச்சைப் புழு, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கொப்போடு கட்டிச் சாய்ந்து நிற்கும், பிறகு தோலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பதே கூட்டுப்புழு, மேலே வேறு மூடி இல்லை. பட்டுப்புழுதான் கீழுதட்டுத் துளையால் வரும் திரவத்தைத் தலையை எட்டுப் போல ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாள் இழுத்துச் சுற்றும். அறாத ஒரே நூல், ஏறக்குறைய 900 மீற்றர்! நடுவில் பைப்ரோயின் புரதம், மேலே செரிசின் பசை. அந்தப் பசை இளகத்தான் கூட்டை வெந்நீரில் போடுகிறார்கள். மயிர்க்கொட்டியையும் சேர்த்திருக்கலாம், சில வகை தன் மயிரையே நூலோடு பின்னிவிடும். சின்ன வயதில் வேலிக் கதியாலில் அப்படி ஒன்றைப் பிய்த்தெடுத்து இரவு முழுக்கக் கை கடித்தது.