கெட்டது கர்னல், அழித்தது என் டேட்டாவை

"கர்னல் போச்சுண்ணே, புதுசா இமேஜ் அடிச்சாச்சு. இப்ப ஜம்முனு ஓடுது."

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில், எழாமல் போன என் சின்னக் கம்ப்யூட்டர் போர்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போன கால் மணி நேரத்தில் நடந்த வேலை இது. கர்னல் என்பது லினக்ஸின் மையப் புரோகிராம். இமேஜ் அடிப்பது என்றால் மொத்த சிஸ்டத்தையும் கார்டில் புதிதாக எழுதுவது. "உள்ளே டேட்டா இருக்கு, மெமரி கார்டை அழிச்சிராதீங்க" என்று இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தேன். 14 மாத டேட்டா போய்விட்டது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அது என்ன டேட்டா தெரியுமா? உசிலம்பட்டிப் பக்கம் மாமனார் தோட்டத்து போர்வெல்லில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம், மோட்டார் ஓடிய நேரம். வைகை அணையிலிருந்து வரும் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விட்டால் நம்ம போரில் எத்தனை நாள் கழித்து மட்டம் ஏறும், எவ்வளவு ஏறும் என்பது அவர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதற்காகத்தான் மோட்டார் ரூமில் அந்தச் சின்ன போர்டை மாட்டினேன்.

நடந்தது இவ்வளவுதான். அப்டேட் கொடுத்தேன். புதுக் கர்னலை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, போர்டு எழவில்லை. விற்றவரைக் கேட்டேன்: "ரீஃப்ளாஷ் பண்ணுங்க." அதாவது, இமேஜ் அடிக்கச் சொன்னார். தயாரித்தவர்களின் உதவிப் பக்கத்திலும் அதே பதில். கடைக்காரரும் அதையேதான் செய்தார்.

இது ஏன் தேவையில்லாத வேலை? கர்னல் என்பது கார்டில், போர்டை எழுப்பும் பூட் பகுதியில் கிடக்கும் ஒரு ஃபைல். கூடவே போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ ஃபைல், அப்புறம் லிப் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் டிரைவர்கள். அவ்வளவுதான்! ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் பூட் தனிப் பகுதி, மற்றதெல்லாம் இன்னொரு பகுதி. என் போர்டிலும் அப்படித்தான். அரைகுறையாக எழுதப்பட்டது முதல் பகுதி. என் டேட்டா இருந்தது இரண்டாவதில். கார்டைக் கழற்றி லினக்ஸ் ஓடும் ஒரு லேப்டாப்பில் செருகி, டேட்டாவை நகலெடுத்துவிட்டு, பூட் ஃபைல்களையும் மாட்யூல்களையும் திரும்பப் போட்டிருந்தால் அரை மணி நேர வேலை. இமேஜ் அடிப்பது அப்படியா? கார்டின் முதல் பைட்டிலிருந்து, எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் உட்பட, இமேஜின் அளவு எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு இருப்பதன் மேலேயெல்லாம் எழுதுவது. வாசல் பூட்டு கெட்டதற்கு வீட்டை இடிப்பவர்களை என்ன சொல்ல?

"பேக்கப் எடுக்கலையா?" என்று கேட்பீர்கள். எடுக்கவில்லை, அது என் தப்பு. இப்போது போர்டை அணைத்து, கார்டை முழுதாக நகலெடுக்காமல் அப்டேட்டைத் தொடுவதில்லை. பேட்டரி இல்லாமலும் தொடுவதில்லை. ஆனால் என் தப்பு, கேட்காமல் அழிக்க யாருக்கும் கொடுத்த அனுமதி ஆகாது.

போர்டு தயாரிப்பவர்கள் மேல்தான் எனக்குப் பெரிய கோபம். என் போர்டு வந்ததே 4.9 கர்னலோடு. 2016 டிசம்பரில் வெளியான கர்னல் அது, 2023 ஜனவரியில் அதற்கான ஆதரவே முடிந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் புதுக் கர்னல் கோளாறு செய்தால் கம்ப்யூட்டர் எழும்போது வரும் க்ரப் (GRUB) மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து எழுப்பிக்கொள்ளலாம். ஃபோனில் 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்தே சிஸ்டத்தை இரண்டு இடத்தில் வைக்கும் இரண்டு ஸ்லாட் முறை இருக்கிறது. புதியது எழவில்லை என்றால் பழையதற்குத் திரும்பிவிடும். இவர்கள் பூட் பகுதியில் பழைய கர்னலுக்கு ஒரு நகல் வைத்தால் ஆகும் இடம் சில பத்து எம்பி! 32 ஜிபி கார்டில் அதற்கு இடமில்லையா? கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊர்களில்தான் இந்த போர்டுகள் ஓடுகின்றன. அதை யோசிக்காமல் அப்டேட் அனுப்புவது பொறுப்பில்லாத வேலை.

அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் புரோகிராமைப் போட்டு இரண்டு இரவு தேடினேன். உடைந்த துண்டுகள்தான் கிடைத்தன.

நேற்று மாமனார் ஃபோன் செய்தார். "மாப்ள, போன வருஷம் கால்வாய்ல தண்ணி வந்தப்ப நம்ம போர்ல எத்தன அடி ஏறுச்சுன்னு பாத்துச் சொல்றேன்னியே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.