பன்னிரண்டு ரன்களும் ஒரு கூழாங்கல்லும்

1960 அக்டோபரில், அமெரிக்க பேஸ்பாலின் பட்டத்தைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் யாங்கீஸ் அணி ஏழு ஆட்டங்களில் 55 ரன்கள் எடுத்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது 27. ஆனாலும் பட்டம் பைரேட்ஸுக்குத்தான். யாங்கீஸ் தங்கள் மூன்று வெற்றிகளை 16-3, 10-0, 12-0 என்று வாரிக் குவித்தார்கள். பைரேட்ஸ் 6-4, 3-2, 5-2, 10-9 என்று சிறிய வித்தியாசங்களில் நான்கை வென்றார்கள்; முதலில் நான்கை வெல்பவருக்கே பட்டம். தொடரின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது, யாங்கீஸில் இரண்டாம் பேஸைக் காத்த பாபி ரிச்சர்ட்சனுக்குப் போனது. 1955ல் தொடங்கிய அந்த விருதைத் தோற்ற அணியிலிருந்து பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரிச்சர்ட்சன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1960 சீசன் முழுவதிலும் தன் அடிகளால் 26 ரன்களை மட்டுமே சேர்த்துத் தந்திருந்த ஒருவர், வேர்ல்ட் சீரிஸின் ஏழே ஆட்டங்களில் 12 ரன்களைச் சேர்த்தார். அது புதிய சாதனை. பேட்டிங் சராசரி .367, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 367 வெற்றிகரமான அடிகள் என்ற விகிதம். இந்த எண்களைப் பார்த்து வாக்களித்தவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்த 12ல் 6 ரன்கள், பத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்த மூன்றாம் ஆட்டத்தில் வந்தவை. ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்கள் மூன்றிலும் ஆள் நின்றபோது, பந்தைச் சுவருக்கு மேல் அனுப்பி ஒரே அடியில் நான்கு ரன்களை எடுத்துத் தந்த அவருடைய ஹோம் ரன்னும் அந்த ஆட்டத்தில்தான். அதை அவர் அடிக்காமலே இருந்திருந்தாலும் அன்றைய முடிவு மாறியிருக்காது. ரன்களை எண்ணும் வழக்கமான கணக்கு, தேவைப்பட்ட ரன்னையும் தேவைப்படாத ரன்னையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறது.

எந்த ரன் எப்போது வந்தது என்று கேட்கும் கணக்கும் ஒன்று உண்டு. ஒன்பது இன்னிங்ஸில் எத்தனையாவது, எத்தனை பேர் அவுட், எந்தெந்த பேஸில் ஆள் நிற்கிறார், ரன் வித்தியாசம் என்ன என்று ஒரு நிலையைக் குறித்துக்கொண்டு, அதே நிலையில் இருந்த அணிகள் கடந்த காலத்தில் எத்தனை விழுக்காடு வென்றிருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் அந்த விழுக்காடு எவ்வளவு நகர்ந்ததோ அதை பேட்டருக்கு வரவாகவும், பந்தெறியும் பிட்சருக்குப் பற்றாகவும் எழுதுவார்கள். ஹார்லன் மில்ஸ், எல்டன் மில்ஸ் என்ற சகோதரர்கள் 1969 சீசன் முழுவதற்கும் கணினியின் துணையோடு இதைப் போட்டு 1970ல் வெளியிட்டார்கள். இன்று எந்த ஆட்டத்துக்கும் இந்த வெற்றி வாய்ப்புக் கணக்கு உடனுக்குடன் கிடைக்கிறது. தொடரின் எந்தக் கட்டத்தில் அந்த ஆட்டம் வந்தது என்பதையும் சேர்த்து, ஓர் அடி பட்டத்தையே எவ்வளவு நெருங்கவைத்தது என்று காட்டும் வடிவமும் இப்போது உண்டு.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1960 அக்டோபர் 13 அன்று பைரேட்ஸின் மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் நடந்த ஏழாம் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் முழுப் படச்சுருள் பைரேட்ஸின் பங்குதாரராக இருந்த பாடகர் பிங் கிராஸ்பியின் வீட்டு நிலவறையில் பல்லாண்டு கிடந்து, 2009ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நான் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, எட்டாம் இன்னிங்ஸை மட்டும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். யாங்கீஸ் 7-4 என்று முன்னிலை. பைரேட்ஸின் முதல் பேட்டர் பேஸை அடைந்துவிட்டார். அடுத்து வந்த பில் விர்டன், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் நோக்கி ஒரு தரைப் பந்தை அடிக்கிறார். இரண்டு பேரை அவுட்டாக்குவதற்கென்றே வந்ததுபோன்ற பந்து. அது தரையில் எதிலோ, ஒரு கூழாங்கல்லில் என்கிறார்கள், பட்டுத் துள்ளி, அங்கே நின்ற யாங்கீஸின் டோனி குபெக்கின் தொண்டையைத் தாக்குகிறது. அவர் சரிந்து விழ, முதல் இரு பேஸ்களிலும் ஆள் நிற்கிறார்கள். அதன் பிறகு இரண்டு ரன்கள் வந்து 7-6. இரண்டாவது ரன், ராபர்டோ கிளெமென்டே அடித்த மெல்லிய பந்தின்போது பிட்சர் ஜிம் கோட்ஸ் முதல் பேஸைக் காக்க ஓடாமல் போனதால் வந்தது. இரண்டு அவுட் ஆன நிலையில், அந்த இன்னிங்ஸில்தான் பைரேட்ஸின் கேட்ச்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவராக) உள்ளே வந்திருந்த ஹால் ஸ்மித் பந்தை இடது பக்கச் சுவருக்கு மேல் அனுப்பினார். மூன்று ரன்கள், 9-7. அந்த ஓர் அடிக்கு முன் பைரேட்ஸின் வாய்ப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு. பின் தொண்ணூறுக்கு மேல். பட்டத்தை ஓர் அணியின் பக்கம் ஒரே அடியில் இவ்வளவு தூரம் தள்ளிய அடி வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் வேறில்லை என்று இந்தக் கணக்கைப் போட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஸ்மித்தின் பெயரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒன்பதாம் இன்னிங்ஸில் யாங்கீஸ் இரண்டு ரன்களை எடுத்துச் சமன் செய்தார்கள். அதே இன்னிங்ஸில் பைரேட்ஸ் பேட் செய்த அடுத்த பாதியில் முதல் ஆளாக வந்த பில் மாஸெரோஸ்கி ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். உலகம் அதை மட்டும் நினைவில் வைத்தது. அந்த நொடியில் வாய்ப்பு நகர்ந்தது ஸ்மித்தின் அடிக்கு நகர்ந்ததைவிடக் குறைவு, ஏனென்றால் சமநிலையில், கடைசி வாய்ப்புடன், தன் மைதானத்தில் நிற்கும் அணிக்கு ஏற்கெனவே பாதிக்கு மேல் வெற்றி உறுதி.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் என் மனம் ஒப்பவில்லை. கூழாங்கல் துள்ளியதற்கான வரவு முழுவதும் விர்டன் பேரில் ஏறுகிறது. கோட்ஸ் ஓடாமல் நின்றதன் பலன் கிளெமென்டேக்குப் போகிறது. எனக்கு மிகவும் உறுத்துவது யாங்கீஸ் சமன் செய்த ரன்தான். யோகி பெர்ரா முதல் பேஸ் பக்கம் பலமாக அடித்த தரைப் பந்தை ராக்கி நெல்சன் பிடித்து, பேஸை மிதித்து பெர்ராவை அவுட் ஆக்கிவிட்டார். முதல் பேஸில் நின்ற மிக்கி மேன்டில் அந்த நேரத்தில் இரண்டாம் பேஸுக்கு ஓடவில்லை. நெல்சனின் கைக்கு எட்டாமல் வளைந்து பாய்ந்து, முதல் பேஸையே திரும்பத் தொட்டார். நெல்சன் பந்தோடு அவரைத் தொட்டிருந்தால் மூன்றாவது அவுட்; ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். மூன்றாம் பேஸிலிருந்து கில் மெக்டூகல்ட் வந்து ரன்னைச் சேர்த்தார். படச்சுருளில் பார்க்கும்போது மேன்டிலின் அந்தப் பாய்ச்சல் கண் இமைக்கும் நேரம்தான். பேட்டருக்கு வரவெழுதும் கணக்கில் அது பெர்ராவின் பெயரில் இருக்கிறது.

ஏழு ஆட்டங்களில் முப்பது முறை பந்தைச் சந்தித்ததை வைத்து ஒருவரின் திறமையை அளக்க முடியாது என்பார்கள் சிலர். உண்மை. ஆனால் இந்த விருது திறமைக்கானது அல்லவே; அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தார் என்பதற்கானது. 1969ல் நியூயார்க் மெட்ஸுக்காக மூன்று ஹோம் ரன் அடித்த டான் கிளெண்டனன் விருதை வாங்கினார். ஆனால் சீசனில் .215 என்ற குறைந்த சராசரியோடு இருந்த அதே அணியின் ஆல் வைஸ் இரண்டாம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில் வெற்றி ரன்னையும், ஐந்தாம் ஆட்டத்தில் சமன் செய்த ஹோம் ரன்னையும் அடித்தார். என் வாக்கு வைஸுக்கே. 2014ல் பிட்சர் மேடிசன் பம்கார்னர் 21 இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்து, ஏழாம் ஆட்டத்தின் கடைசி ஐந்து இன்னிங்ஸையும் தாங்கியபோது எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை.

1960க்கு என் வாக்கு யாருக்கு? ஸ்மித்துக்கு என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அவர் தொடரில் மூன்று ஆட்டங்களில்தான் இறங்கினார். பைரேட்ஸின் பிட்சர் வெர்ன் லா மூன்று ஆட்டங்களைத் தொடங்கி, இரண்டில் வென்றார். நான்காம் ஆட்டத்தில் தானே பேட் பிடித்து ஒரு ரன்னையும் சேர்த்தார். அவரைக் கடந்து போவது எளிதல்ல. இருந்தாலும் மாஸெரோஸ்கியின் ஸ்கோரை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தபோது நான் முடிவுக்கு வந்தேன். முதல் ஆட்டத்தில் இரண்டு ரன் தந்த ஹோம் ரன். ஐந்தாம் ஆட்டத்தில் இரண்டு ரன் தந்த அடி. ஏழாம் ஆட்டத்தில் அந்தக் கடைசி ஹோம் ரன். மொத்தம் ஐந்தே ரன்கள், ரிச்சர்ட்சனுடையதில் பாதிகூட இல்லை. ஐந்தும் பைரேட்ஸ் வென்ற ஆட்டங்களில் வந்தவை.