முன்னும் முகம், பின்னும் முகம்

அமெரிக்காவின் சியாட்டிலில் கார்களை ஏற்றிச் செல்லும் படகுகள் துறையில் திசை திரும்புவதில்லை என்று கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவற்றின் அழகே அதுதானே! டகோமா, வெனாட்சி, பியூயாலப் என்ற மூன்று படகுகளும் 1990களின் கடைசியில் சியாட்டிலிலேயே கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் 460 அடி நீளம், 202 வாகனங்கள், 2,500 பயணிகள். இரு முனையிலும் தண்ணீரைத் தள்ளும் சுழலி, மேலேயும் இரு முனையிலும் ஓட்டும் அறை. ஒரு முனையில் ஏறும் கார் மறுமுனையில் நேராக இறங்கிவிடும், ரிவர்ஸ் எடுக்கும் வேலையே இல்லை. சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவுக்கு ஏறக்குறைய 35 நிமிடப் பயணம்தான். இவ்வளவு குறுகிய பயணங்களுக்கு நடுவே இத்தனை கார்களையும் ஏற்றி இறக்க வேறு எப்படி முடியும்?

முதல் வரிசையில் இடம் கிடைத்தால் இன்னும் விசேஷம். கார் மூக்குக்கு எதிரே வெறும் கடல்தான். காற்று பலமாக இருந்தால் உப்புத் துளிகள் கண்ணாடியில் வந்து ஒட்டும். அப்புறம் துறையின் மரக்கம்பங்களில் படகு உரசும்போது ஒரு முனகல் கேட்கும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெனாட்சியில் நான்கு டீசல் எஞ்சின்களில் இரண்டை எடுத்துவிட்டு மின்கலங்கள் பொருத்தி, 2025இல் மீண்டும் ஓடவிட்டார்கள். சரியான முடிவு. கரையில் சார்ஜ் செய்யும் வசதியையும் சீக்கிரம் முடிக்க வேண்டும், அது இருந்தால்தான் டீசல் செலவு உண்மையாகவே குறையும்.