வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஓர் எண் வேண்டும்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஐந்துக்கு மூன்று பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்கும் முதல் வாரத்தில் உடம்பில் மஞ்சள் தட்டும். ஆகவே "பிள்ளைக்கு மஞ்சள் இருக்கிறதா?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாக வடிந்துவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் ஏறிக்கொண்டே போய் மூளையைத் தாக்குகிறது. அந்தச் சிலர் யார் என்பதை மருத்துவமனைப் படி இறங்குவதற்கு முன்பே பெருமளவு கணித்துவிடலாம். அதற்கு வேண்டியவை பிலிருபின் (ரத்தத்தில் சேர்ந்து தோலை மஞ்சளாக்கும் பொருள்) அளவு, அதை எடுத்தபோது குழந்தைக்கு எத்தனை மணி நேர வயது, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்ற மூன்று விவரங்கள்தாம். இம்மூன்றும் எழுதப்படாத சீட்டோடு நம் குமரி மாவட்டத்தில் ஒரு குழந்தையும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது, மகப்பேறு வார்டில் நெடுங்காலம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கருத்து.

பெரியவர்களின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்றால், பிறந்த குழந்தையின் சிவப்பணு அதைவிட முன்னதாகவே உடைகிறது. உடைந்த அணுவிலிருந்து வரும் பிலிருபினை மாற்றி வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியோ அப்போது முழு வேகத்துக்கு வந்திருப்பதில்லை. போதாததற்கு, முதல் மலம் குடலில் தங்கினால் வெளியேற வேண்டிய பிலிருபினில் ஒரு பகுதி மறுபடியும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு இது உச்சத்தைத் தொடுவது மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். சுகப்பிரசவமானால் 48 மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறோம். அதாவது, மருத்துவர் பார்க்கும்போது மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கும்; உச்சத்தை அடையும்போது குழந்தை தாய்வீட்டின் உள்ளறையில், சன்னல் சாத்திய அரையிருட்டில், பாட்டியின் மடியில் கிடக்கும்.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. மஞ்சள் முகத்தில் தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று கீழிறங்கும் என்பதை 1969இல் கிரேமர் என்ற மருத்துவர் மண்டலங்களாகப் பிரித்து எழுதினார். நாங்களும் அப்படித்தான் படித்தோம். மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தால், ரத்தம் விலகிய அந்தக் கண நேரத்தில் தோலின் அடிநிறம் தெரியும். பிறகு நெஞ்செலும்பின் மேல், பிறகு முழங்காலில். ஆனால் அதே குழந்தையை டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்த செவிலியர் ஒன்று சொல்வார், சன்னலோரம் பார்த்தவர் வேறொன்று சொல்வார். வார்டுத் திரைச்சீலை மஞ்சளாக இருந்துவிட்டால் எல்லாக் குழந்தைக்கும் மஞ்சள்தான். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இது இன்னும் தடுமாறும். மஞ்சள் இருப்பதைக் கண் ஓரளவு சொல்லும்; எவ்வளவு என்று சொல்லாது. நெற்றியில் அல்லது மார்பில் வைத்து அழுத்தினால் அளவு காட்டும் கைக்கருவி இருக்கிறது; அது கூடுதலாகக் காட்டினால் குதிகாலில் ஒரு குத்து, ஓரிரு துளி ரத்தம், அவ்வளவுதான்.

அந்த அளவை மணிக்கணக்கோடு சேர்த்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் வினோத் பூட்டானி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நலமாகப் பிறந்த 2,840 குழந்தைகளைக் கவனித்து, 1999இல் அவரும் உடனிருந்தோரும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். பிலிருபின் 8 மில்லிகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு) என்று சீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்து 24 மணி நேரத்தில் 8 என்றால் அது அந்த வரைபடத்தின் ஆபத்து மண்டலத்தை ஒட்டி நிற்கிறது; 72 மணி நேரத்தில் அதே 8 என்றால் கவலை மிகக் குறைந்த மண்டலம். மணியை எழுதாமல் 8 என்று மட்டும் எழுதும் ஆய்வகச் சீட்டு, தேதி போடாத காசோலைக்குச் சமம். இன்னொன்றும் அந்த ஆய்விலேயே இருக்கிறது: உயர் மண்டலத்தில் இருந்த குழந்தைகளில் அங்கேயே நீடித்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர்தான், மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். "உங்கள் குழந்தைக்குக் கடுமையாகப் போகும்" என்று எந்த மருத்துவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதைத்தான் கணிப்பு சொல்கிறது.

எண்ணுக்கு அடுத்து நான் பார்ப்பது வாரக்கணக்கை. 36, 37 வாரத்தில் பிறந்த குழந்தை இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருந்து பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலத் தெரியலாம். ஆனால் இரண்டு முறை சப்பிவிட்டு உறங்கிவிடும், கல்லீரலும் அதற்கேற்பப் பின்தங்கியிருக்கும். மருத்துவக் காரணம் ஏதுமின்றி, நட்சத்திரம் கூடிவருகிறது என்பதற்காக 37ஆம் வாரத்திலேயே கத்தி வைக்கச் சொல்லும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜாதகத்தில் என்ன கூடுகிறதோ தெரியாது, மஞ்சள் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. முந்தைய பிள்ளையை மஞ்சள் இறங்க லைட்டில் (ஒளிச்சிகிச்சையில்) வைத்திருந்தது, தாய்க்கு ஓ ரத்த வகையும் பிள்ளைக்கு ஏ அல்லது பி வகையும் ஆக இருப்பது, ஆர்எச் பொருந்தாமை (தாய்க்கு நெகட்டிவ், பிள்ளைக்கு பாசிட்டிவ் ரத்தம்), பிரசவத்தில் தலையில் ரத்தம் கட்டியது, பால் போதாமல் எடை வெகுவாகக் குறைவது ஆகியவையும் கணக்கில் சேரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் கணக்கே வேண்டாம், உடனே ரத்தப் பரிசோதனைதான்.

எல்லாக் கணக்கையும் ஏமாற்றுவது, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு. அது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும். முதல் அளவு குறைவாக இருந்த பிள்ளைக்கும் திடீரென்று அணுக்கள் உடைந்து அளவு எகிறலாம். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியை எடுத்துச் சுற்றினால்கூட இப்படி நடக்கலாம் என்பதைப் பாட்டிமார்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் அதன் எளிமை. குழந்தையின் அளவுக்கும், அந்த வயதிலும் வாரத்திலும் ஒளிச்சிகிச்சை தொடங்க வேண்டிய அளவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கச் சொல்கிறது. குழந்தையின் அளவு அந்த எல்லைக்குக் கீழே 2 முதல் 3.4 மில்லிகிராம் வரை இருந்தால் 24 மணி நேரத்துக்குள் மறு பரிசோதனை, 3.5 முதல் 5.4 வரை என்றால் ஒன்றிரண்டு நாளில். முதல் நாளுக்குப் பிறகும் மணிக்கு 0.2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஏறினால் அணுக்கள் உடைகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். நாம் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை. இடைவெளியைப் பார்த்து மறு தேதி குறிக்கும் பழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளலாம்.

என் உறவுக்காரப் பெண்ணின் குழந்தையை ஒரு மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கொடுத்த சீட்டில் "தாயும் சேயும் நலம்" என்றும், அடுத்த வருகை 45ஆம் நாள் தடுப்பூசிக்கு என்றும் எழுதியிருந்தது. மஞ்சள் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்க, "மக்களே, காலம்பற கொஞ்சம் வெயில் காட்டினா எல்லாம் போயிரும்" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மை சொன்னதை நம்பி முற்றத்துக்கும் அறைக்குமாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அது ஆனி மாதம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், ரப்பர் தோட்டத்து நடுவே இருக்கும் வீட்டில் எங்கிருந்து வெயில் வரும்? வந்தாலும், எவ்வளவு ஒளி விழுகிறது என்று அளக்க முடியாத வெயில் சிகிச்சை ஆகாது. ஒளிச்சிகிச்சையில் வேலை செய்வது 460 முதல் 490 நானோமீட்டர் வரையான நீல-பச்சை ஒளி. அது உடம்பு முழுவதும் படவேண்டிய அளவில் பட வேண்டும். கீழாநெல்லிச் சாறும் சர்க்கரைத் தண்ணீரும் இதற்கு உதவாது. தாய்ப்பால் குடிக்க வேண்டிய வயிற்றை அவை நிரப்பும், அவ்வளவே. நல்லவேளையாக அந்தக் குழந்தையை நேரத்தோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் லைட்டில் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டது.

பிந்தினால் குழந்தை கீச்சுக்குரலில் அழும், உடம்பு வில்லாகப் பின்னோக்கி வளையும். அதன்பின் ரத்தம் மாற்றினாலும் காது கேளாமையும் கைகால் கட்டுக்கடங்காமல் முறுக்கிக்கொள்ளும் மூளைவாதமும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடலாம். பேச்சிப்பாறை மலைப்பகுதியிலிருந்தோ தேங்காய்ப்பட்டணம் கடற்கரையிலிருந்தோ ஒரு பச்சை உடம்புக்காரி மறு பரிசோதனைக்காகப் பேருந்து மாறி மாறி நாகர்கோவில் வரை போவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கைக்கருவி பெரிய மருத்துவமனைகளில் மட்டும் இருந்தால் போதாது என்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்று வீதம் கொடுத்து, கிராம சுகாதாரச் செவிலியர் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் வீட்டுக்கே கொண்டுபோய் அளக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. விலை கூடிய கருவிதான். ஆனாலும் மூளைவாதம் வந்த ஒரு பிள்ளையை வளர்க்க ஒரு குடும்பம் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அந்த விலையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

அதுவரை, அனுப்பும் நாளில் தகப்பன்மாரோ பாட்டிமாரோ கவுண்டரில் பணம் கட்டும் முன் வார்டுச் செவிலியரிடம் கேளுங்கள்: அளவு எவ்வளவு, எத்தனையாவது மணியில் எடுத்தது, மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும். வாயால் சொன்னால் போதாது, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.