மாடிக்கு மாடி பேசிய கோடை

2020 கோடையில் நண்பர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கட்டுரையில் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு மொட்டை மாடிதான். மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு, மே 4-இல் அக்னி நட்சத்திரம், மறுநாளே கோயம்பேடு சந்தையும் மூடல். சென்னையில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிக்கு மாடி நின்று பேசுவோம். தரை அப்போதும் சுடும். செருப்பில்லாமல் நிற்க முடியாது.

பெரிய விஷயம் ஒன்றும் பேசவில்லை. "தக்காளி கிடைச்சுதா?", "கபசுரக் குடிநீர் குடிச்சியா?" அவ்வளவுதான். எதிர்மாடி நண்பன் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, ஒரே மடக்கில் குடித்து முகத்தைச் சுளிப்பான். அப்புறம் வாயில் ஒரு துண்டு வெல்லம்.

ஜூனில் அவன் அப்பாவுக்குத் தொற்று வந்தது. வீட்டைத் தனிமைப்படுத்த வாசலில் தகரம் அடித்தார்கள். 14 நாள் அவன் மாடிக்கு வரவில்லை. தினமும் அதே ஆறு மணிக்குப் போன் போட்டேன். என்ன பேசினோம் என்று நினைவில்லை. பின்னால் இருமல் கேட்கிறதா என்றே காது கொடுத்திருந்தேன். நல்லவேளை, அப்பா தேறிவிட்டார். 15-ஆம் நாள் அவன் மாடியில் வடாம் துணியை உதறிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.